அட்டைக் கீலமும் விரிதாளும்: ஓராண்டு வாசிப்பைக் கணக்கெடுத்த அனுபவம்

2023 தைப்பொங்கலுக்கு மறுநாள், அந்த ஆண்டு முடிவதற்குள் 24 புத்தகங்களை வாசித்துவிடுவதென்று தீர்மானித்து, கைத்தொலைபேசியில் இருந்த வாசிப்புச் செயலியில் அந்த எண்ணைப் பதிந்தேன். மாதத்துக்கு இரண்டு புத்தகங்கள் என்பது பெரிய காரியமாக அப்போது தோன்றவில்லை. மாசி மாதம் முடியும்போது இரண்டைத்தான் முடித்திருந்தேன். நான் பின்தங்கியிருப்பதாகச் செயலி ஒவ்வொரு நாளும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. ஆனால் நேரம் எங்கே போயிற்று, எந்த நாளில் வாசித்தேன், எந்தப் புத்தகத்தில் தேங்கி நின்றேன் என்று கேட்டால் சொல்ல அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை. தொடங்கிய நாளும் முடித்த நாளும் மட்டுமே அதில் இருந்தன. இடையில் நடந்ததை நானே குறித்துவைப்பதென்று முடிவு செய்தேன். அதற்காகச் செய்த ஏற்பாட்டையும், அதில் நேர்ந்த பிழைகளையும், அவற்றைத் திருத்திய விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

என் வாசிப்பில் பெரும்பகுதி ரயிலில் நடக்கிறது. கொழும்பின் வெள்ளவத்தையில் ஏறி, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு கடந்து கோட்டையில் இறங்குவதற்குள், இருக்கை கிடைத்தால் ஏறத்தாழ 16 நிமிடங்கள் புத்தகத்துக்குக் கிடைக்கும். இந்த நெருக்கடிக்குள் தொலைபேசியை எடுத்துப் பக்க எண்ணைத் தட்டிக்கொண்டிருப்பது நடக்காத காரியம்; எடுத்த தொலைபேசி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதையும் அனுபவத்தில் கண்டிருந்தேன். ஆகவே பதிவேடு புத்தகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படியும் பக்க அடையாளத்துக்கு ஒரு துண்டு வைக்கத்தான் போகிறோம், அதிலேயே எழுதினால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் அட்டைக் கீலம்.

வெள்ளை பிரிஸ்டல் அட்டை ஒன்றை வாங்கி, 4 சென்ரிமீற்றர் அகலமும் 18 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட கீலங்களாக வெட்டினேன். ஒவ்வொரு கீலத்திலும் 6 மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்குக் கோடுகள் இட்டால் 30 வரிகள் வரும். மேலிருக்கும் இரண்டு வரிகள் புத்தகத்தின் பெயருக்கும் ஆசிரியர் பெயருக்கும் போக, 28 வரிகள் மிஞ்சும். நெடுக்கே நான்கு நிரல்கள்: திகதி, தொடங்கிய பக்கம், முடித்த பக்கம், நிமிடம். இரண்டு பக்கமும் எழுதினால் ஒரு கீலத்தில் 56 அமர்வுகளைப் பதியலாம். அட்டையின் தடிப்பு முக்கியம். முதலில் வெட்டிய தடித்த அட்டை, நூலகத்தில் இரவல் வாங்கிய ஒரு பழைய புத்தகத்தின் கட்டில் அழுத்தி, அந்த இடத்தில் தாள்களைச் சற்று விரிய வைத்துவிட்டது. பிறருடைய புத்தகத்துக்கு அப்படிச் செய்வது சரியல்ல என்பதால் மெல்லிய அட்டைக்கு மாறினேன். பேனையையும் கைவிட வேண்டியிருந்தது. ஜெல் பேனை மை வியர்வைக் கை பட்டதும் பரவியது; மழை நாளில் ரயில் யன்னலோரம் இருந்து எழுதிய ஒரு வரி முழுவதும் நீலக் கறையாகிப் போனது. எச்.பி. பென்சில் போதும். அதைச் சிறிய துண்டாக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எட்டு வாரங்கள் இப்படியே எழுதிய பிறகு, கீலங்களில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தபோதுதான் முதலாவது பிழை வெளிப்பட்டது. முன்னுரையிலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரியும் விடாமல் வாசித்த 236 பக்கப் புத்தகத்துக்கு, அமர்வுகளின் கூட்டுத்தொகை 198 என்று வந்தது. எங்கோ எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று நினைத்து வரிவரியாகப் பார்த்தேன். விடுபட்டது எதுவும் இல்லை. குறைவது 38 பக்கங்கள். கீலத்தில் இருந்த அமர்வுகளும் 38. அதைக் கண்டதும் காரணம் விளங்கிவிட்டது. 41ஆம் பக்கத்தில் தொடங்கி 48ஆம் பக்கத்தை முடித்தால் வாசித்தவை எட்டுப் பக்கங்கள், ஆனால் 48 இலிருந்து 41 ஐக் கழித்தால் ஏழுதான் வரும். வேலிக்கம்பங்களை எண்ணாமல் இடைவெளிகளை எண்ணியதுபோல, ஒவ்வொரு அமர்விலும் ஒரு பக்கத்தை நான் தவறவிட்டிருக்கிறேன். அன்று முதல் இரண்டாவது நிரலுக்கு ‘தொடங்கிய பக்கம்’ என்ற தலைப்பை நீக்கிவிட்டு ‘ஏற்கெனவே முடித்த பக்கம்’ என்று மாற்றினேன். 40, 48 என்று எழுதினால் கழித்தல் சரியாக எட்டைத் தரும். அத்துடன் முந்திய வரியின் கடைசி எண் அப்படியே அடுத்த வரியின் முதல் எண்ணாக வருவதால், ஒரு வரியை எழுதாமல் விட்டாலும் உடனே தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது இடர் என் மறதியால் நேர்ந்தது. ஒரு நாவலை முடித்த மகிழ்ச்சியில், கீலத்தை உள்ளே வைத்தபடியே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரப் பதிவு அதில் இருந்தது. மறு வாரம் போய்க் கேட்டபோது அந்தப் புத்தகம் வேறொருவரிடம் போயிருந்தது. பிறகு இரண்டு ஏற்பாடுகள் செய்தேன். ஒன்று, கீலத்தின் மேல் முனையில் துளையிட்டு ஒரு சாண் நீளச் சிவப்பு நூலைக் கட்டினேன். புத்தகத்தை மூடினாலும் நூல் வெளியே தொங்குவதால் கண்ணில் படும். மற்றது, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வாரத்து வரிகளை ஒரு சீ.ஆர். கொப்பியில் பார்த்தெழுதினேன். இந்தக் கொப்பிதான் மூலப் பதிவு. கணக்குப் பார்ப்பதற்கு மட்டுமே கணினியில் விரிதாள் (ஸ்ப்ரெட்ஷீட்).

விரிதாளை ஆக்குவதில் அக்காவின் மகன் உதவினான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அடையாளமாக, பதிப்புக்குப் பதிப்பு தனியாக வழங்கப்படும் சர்வதேசத் தர நூல் எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணை வைக்கலாம் என்பது அவனுடைய யோசனை. இலங்கைப் பதிப்புகளுக்கு 978-955 என்றும் 978-624 என்றும் தொடங்கும் அந்த எண்ணைப் புதிய புத்தகங்களின் பின்னட்டையில் எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஆனால் என் அலுமாரியில் பாதிக்கு மேல் பழைய பதிப்புகள். பலவற்றில் அப்படியொரு எண்ணே இல்லை. இருக்கும் எண்ணையும் கலத்தில் இட்டவுடன் விரிதாள் அதை ஒரு பெரும் தொகையாக எண்ணிப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டியது. அந்த நிரலை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பிறகே 13 இலக்கங்களும் முழுமையாகத் தெரிந்தன. முடிவில், நூலகங்கள் சேர்க்கை எண் இடுவதுபோல 1, 2, 3 என்று நானே ஒரு எண்ணை இட்டு, அதையே கீலத்தின் மூலையிலும் எழுதினேன். வீட்டில் வாசிக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஒழுங்கு தேவையில்லை.

எந்த ஆசிரியரை எத்தனை தடவை வாசித்தேன் என்று எண்ண முயன்றபோது வந்த சிக்கல் தமிழுக்கே உரியது. ஒரே பெயர் இரண்டு பெயர்களாக எண்ணப்பட்டிருந்தது. முதலெழுத்துக்குப் பின் புள்ளி வைத்து இடைவெளி விட்ட பெயரும், இடைவெளி விடாத பெயரும் விரிதாளுக்கு இரண்டு வெவ்வேறு மனிதர்கள். அதை ஒரே முறையில் எழுதிச் சரிசெய்தோம். ஔவையார்தான் எங்களை அலைக்கழித்தார். ‘ஔ’ என்பது ஒரே எழுத்து. நான் சில இடங்களில் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒளவையார்’ என்று எழுதியிருந்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், கணினிக்கு இரண்டும் வேறு. மருமகன் ஒரே கட்டளையில் எல்லா ‘ஒள’வையும் ‘ஔ’வாக மாற்றினான். சற்று நேரத்தில், “மாமா, ஒளியெல்லாம் கெட்டுப்போய்விட்டது, இங்கே பாருங்கள்” என்றான். ‘ஒளி’ என்ற சொல்லும் ‘ஒ’, ‘ள’ என்றுதானே தொடங்குகிறது! அந்தச் சொல் வந்த தலைப்புகளிலெல்லாம், ஔகாரத்தின் பின்னே இகரக் குறி பற்றிக்கொள்ள எழுத்தில்லாமல் தனியே நின்றது. மாற்றத்தை மீளப் பெற்று, ‘ஒளவை’ என்று முழுதாகத் தேடி மாற்றியதும் சரியாயிற்று. தமிழில் இப்படிப் பட்டியல் வைத்திருப்பவர்கள் தனி எழுத்துகளை மாற்றாமல் சொல்லையே மாற்ற வேண்டும் என்பதை இதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இதே வேலையின்போது, முன்னொரு காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்த என் பழைய வாசிப்புப் பட்டியலையும் தேடி எடுத்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியலாகத் திறந்தது. யூனிகோட்டுக்கு மாற்றும் கருவி ஒன்றில் இட்டு மீட்டுக்கொண்டேன். அதில் 61 தலைப்புகள் இருந்தன. திகதிகள் இல்லாவிட்டாலும் அவற்றைத் தனித் தாளில் பாதுகாத்திருக்கிறேன்.

இனி, கீலங்கள் சொன்ன உண்மைக்கு வருகிறேன். நான் வாசிக்கும் புத்தகங்களின் சராசரி நீளம் 220 பக்கங்கள். 24 புத்தகங்களுக்கு 5,280 பக்கங்கள் வேண்டும். எட்டு வாரப் பதிவின்படி, வேலைநாட் காலையில் ரயிலில் ஏழு பக்கங்கள் வாசிக்கிறேன். மாலையில் கோட்டையிலிருந்து நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பும்போது இரண்டு பக்கங்களுக்கு மேல் போவதில்லை. இரவில் வாசிக்கும்போது 11 பக்கங்கள், ஆனால் வாரத்தில் மூன்று இரவுகள் மட்டுமே. காலைகள் தரும் 35, மாலைகள் தரும் 10, இரவுகள் தரும் 33 ஆகியவற்றைச் சேர்த்தால் வாரத்துக்கு 78 பக்கங்கள், ஆண்டுக்கு 4,056. அதாவது 18 புத்தகங்கள். அதற்கு மேல் ஒரு பாதி கூட இல்லை. நான் சோம்பியிருக்கவில்லை என்பதையும், என் நாளின் அமைப்பில் 24 புத்தகங்களுக்கு இடமே இருக்கவில்லை என்பதையும் இந்தக் கணக்குத்தான் எனக்குக் காட்டியது. 1,224 பக்கங்கள் குறைகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் 24 பக்கங்கள் வாசித்தால் அந்தக் குறை நீங்கும் என்று கொப்பியில் எழுதி, கீழே கோடிட்டேன். அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓடினேன்.

அந்த இரண்டு மாதத்தில் எடுத்த புத்தகங்களைப் பின்னர் திரும்பிப் பார்த்தபோது மனம் வருந்தியது. அலுமாரியில் 640 பக்க நாவல் ஒன்று காத்திருக்க, நான் 96 பக்கங்களையும் 112 பக்கங்களையும் தேடி எடுத்திருந்தேன். எண்ணுவது எதுவோ அதுவே நாம் எடுக்கும் புத்தகத்தைத் தீர்மானித்துவிடுகிறது. 2007 இல் தொடங்கிய குட்ரீட்ஸ் போன்ற தளங்களின் ஆண்டுச் சவாலில் அலகு புத்தகம். அங்கே மெல்லிய கவிதைத் தொகுப்பும் பெருநாவலும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். எதைப் புத்தகம் என்று எண்ணுவது என்பதே ஒரு கேள்விதான். யுனெஸ்கோ 1964 இல் புள்ளிவிபரத் தேவைக்காக வகுத்த வரையறைப்படி, அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கங்கள் இருந்தால்தான் அது புத்தகம். அதற்குக் குறைந்தால் சிறுநூல். நம் கவிதைத் தொகுப்புகளில் எத்தனையோ, 16 பக்கப் படிவங்கள் மூன்றில் அச்சாகி, சரியாக 48 பக்கங்களில் முடிகின்றன. அவற்றில் ஒன்றை ஒரு மாதம் முழுவதும் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். ஒரு பக்கக் குறைவுக்காக அதைக் கணக்கிலிருந்து தள்ள எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்தையே அலகாக எடுத்தால் என்ன என்று பார்த்தேன். அதுவும் ஏமாற்றியது. இரண்டு புத்தகங்களை மேசையில் விரித்து, ஒவ்வொன்றிலும் மூன்று முழுப் பக்கங்களின் சொற்களை எண்ணினேன். ஒன்றில் பக்கத்துக்கு 31 வரிகள், வரிக்கு ஏழு சொற்கள், ஆக 217 சொற்கள். மற்றதில் சிறிய எழுத்தில் 38 வரிகள், வரிக்கு எட்டுச் சொற்கள், ஆக 304 சொற்கள். இரண்டாவதின் 100 பக்கங்கள் முதலாவதின் 140 பக்கங்களுக்குச் சமம். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்திலிருந்து இறக்கி வாசிக்கும் பழைய நூல்களில் வேறொரு குழப்பம்: மின்வடிவின் 15ஆம் பக்கத்தில் அச்சுப் பக்கம் 3 என்றிருக்கும். எப்போதும் அச்சில் உள்ள எண்ணையே எழுதுவது என்று விதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீரும். எழுத்தின் அளவால் வரும் வேறுபாட்டுக்குத் தீர்வு இல்லை.

உண்மையில் என் கணக்கை மாற்ற வைத்தது ஒரு சிங்கள நாவல். 184 பக்கங்கள். கொழும்பில் பிறந்து வளர்ந்தவன் நான். சிங்களம் பேசுவதற்குத் தடையில்லை, பெயர்ப்பலகைகளையும் படிவங்களையும் வாசிப்பேன், ஆனால் ஒரு முழு இலக்கிய நூலை அந்த மொழியில் ஒருபோதும் வாசித்ததில்லை. பேச்சுச் சிங்களத்துக்கும் எழுத்துச் சிங்களத்துக்கும் இடையிலான தூரம், நம்முடைய பேச்சுத் தமிழுக்கும் செந்தமிழுக்கும் உள்ள தூரத்தைப் போலவே பெரியது. வினைமுற்றுகள் வேறு, வேற்றுமைகள் வேறு. பல ஆண்டுகளாக மனதில் இருந்த ஆசை என்பதால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொடங்கினேன். முதல் வாரத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்பது நிமிடங்கள் சென்றன. காலைப் பயணத்தில் இரண்டு பக்கங்கள் முடிவதே கடினம். செயலி நான்கு புத்தகங்கள் பின்தங்கியிருப்பதாகக் காட்டியது. ஒரு மாலை, அந்த நாவலை அலுமாரியில் திருப்பி வைத்துவிட்டு மெல்லிய சிறுகதைத் தொகுதி ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. அந்த ஆண்டில் நான் வாசிக்க மிகவும் விரும்பிய புத்தகத்தை ஓர் எண்ணுக்காகத் தள்ளி வைக்கிறேன்.

அன்றிரவே செயலியில் இருந்த இலக்கை நீக்கினேன். விரிதாளில் புதிய இலக்காக ஒரு நாளைக்கு 30 நிமிடங்கள் என்று எழுதினேன். நிமிடத்துக்கு மொழி வேறுபாடு தெரியாது. எழுத்தின் அளவும் புத்தகத்தின் தடிப்பும் தெரியாது. சிங்களத்தில் மெதுவாகச் சென்ற 16 நிமிடங்களும், தமிழில் விரைந்து சென்ற 16 நிமிடங்களும் அதே 16 நிமிடங்கள்தான். கீலத்தில் நான்காவது நிரலாக நிமிடத்தை முதலிலேயே வைத்திருந்ததால் பழைய பதிவுகளும் வீணாகவில்லை. விரிதாளில் மூன்று விடயங்களை மட்டும் கணக்கிடச் செய்தோம்: வாரத்தின் மொத்த நிமிடம், வாசித்த நாட்களின் தொகை, ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்துக்கான சராசரி நிமிடம். வாரத்துக்கு 210 நிமிடம் என்பதையே இலக்காகக் கொண்டதால், ஒரு நாள் தவறினாலும் போயா (பௌர்ணமி) விடுமுறையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ ஈடுசெய்ய முடிந்தது. மருமகன் வண்ண வரைபடங்களும் சேர்க்க விரும்பினான். நான் வேண்டாம் என்றேன். ஒரு வாரத்தைச் சொல்ல ஓர் எண் போதும்.

நிமிடக் கணக்குக்கும் ஒரு குறை உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். மடியில் புத்தகம் விரிந்திருக்க, பாணந்துறைப் பக்கம் போகும் ரயில் எதிரே கடக்கும் சத்தத்தில் கவனம் சிதறி, கடலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தையும் வாசிப்பாக எழுதிவிட மனம் துணியும். அதற்காகவே பக்க நிரல்களை விடாமல் வைத்திருக்கிறேன். நிமிடம் கூடிப் பக்கம் கூடாத வரிகளைக் காணும்போது, புத்தகம் கடினமா அல்லது மனம் அதில் இல்லையா என்று எனக்கே தெரிந்துவிடுகிறது. இரவு பத்தரைக்குப் பிறகு எழுதிய வரிகளில் பெரும்பாலானவை இந்த வகை. ஆவணி மாதத்திலிருந்து இரவு வாசிப்பை ஒன்பது மணிக்கு முன்நகர்த்தினேன். அதே 25 நிமிடத்தில் இரண்டு மூன்று பக்கங்கள் கூடுதலாக முடிந்தன.

ஆண்டு முடிவில் கொப்பியும் விரிதாளும் ஒத்துப்போயின: 291 நாட்கள், 9,840 நிமிடங்கள், 19 புத்தகங்கள். நாளொன்றுக்குச் சராசரி 27 நிமிடங்கள். இலக்குக்கு மூன்று நிமிடங்கள் குறைவு. ஆண்டுத் தொடக்கத்தில் இட்ட 24 என்ற எண்ணை நான் எட்டவில்லை. 640 பக்க நாவலை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் முடித்தேன். அதற்கு இரண்டு கீலங்கள் வேண்டியிருந்தன, இரண்டாவதை முதலாவதன் நூலிலேயே கட்டிக்கொண்டேன்.

சிங்கள நாவலின் கீலத்தை மட்டும் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கத்தில் சித்திரை மாத வரிகள்: 18 நிமிடத்தில் இரண்டு பக்கங்கள், மறுபடியும் 18 நிமிடத்தில் இரண்டு. பின்பக்கத்தில் பொருள் தெரியாத சொற்களைச் சிறு எழுத்தில் குறித்து, அலுவலகத்தில் மதிய உணவு வேளையில் கேட்டு எழுதிய தமிழ்ப் பொருள்கள். அந்தச் சொற்பட்டியல் நடுவிலேயே மெலிந்து, கீழே வருகையில் நின்றுவிடுகிறது. நாவல் முழுவதற்கும் 1,288 நிமிடங்கள், பக்கத்துக்கு ஏழு நிமிடங்கள் என்று விரிதாள் சொல்கிறது. ஆனால் கடைசி வரியில் இருப்பது 181, 184, 15. மூன்று பக்கங்கள், பக்கத்துக்கு ஐந்து நிமிடங்கள்.

அடுத்ததாக 212 பக்கச் சிங்கள நாவல் ஒன்றைச் செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் வாங்கி வைத்திருந்தேன். ஐந்து நிமிடக் கணக்கில் அதற்கு 1,060 நிமிடங்கள் வேண்டும்; காலைப் பயணங்களை மட்டும் எண்ணினால் 67 பயணங்கள். அதற்கான கீலத்தை வெட்டி, கோடிட்டு, சிவப்பு நூலைக் கட்டி, முதல் வரியில் 0 என்று எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.